சொந்த ஊருக்குப் போகும் அந்நியர்



சென்ற திங்கள் சங்கத்துக்கு வந்த கடிதங்களுள் ஒன்று இத்திங்கள் இப்பகுதி முழுவதையும் தனக்கென்றே எடுத்துக்கொண்டுவிட்டது. எழுதியவர் ஈப்போப் பக்கத்து அன்பர். அவருடைய தந்தையார் எழுபது வயதைக் கடந்தவர். இந்த மலேசிய மண்ணிலே பிறந்து, இந்நாட்டுக் குடியுரிமையும் கடவுச்சீட்டும் உடையவர். பாட்டனாரோ திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரியில் பிறந்து, ‘ரஜூலா’ கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கியவர். “என் தந்தையார் சந்திரகிரியில் தம் சிற்றப்பா மகன் வீட்டில் எட்டு மாதம் தங்கி, திருமலைக்கு வேண்டும்போதெல்லாம் போய்வர ஆசைப்படுகிறார். சுற்றுலா விசா ஒன்று எடுத்து வந்தாற் போதும், சொந்த வீட்டில் இருப்பவரை யார் கேட்கப் போகிறார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். இது சரிதானா?” என்பது அவருடைய கேள்வி.

சரியன்று. அன்பு மிகுதியால் சொல்லப்பட்ட யோசனைதான். ஆயினும் அந்த யோசனையை நம்பிப் போகும் முதியவர் படவேண்டிய அல்லல் பெரிது.

சந்திரகிரியை நாம் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறோம். மலையடிவாரத்தில் ராஜமகாலும் ராணிமகாலும் எதிரெதிரே நிற்கின்றன. 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகர அரசர்கள் பெனுகொண்டாவுக்கும், பிறகு சந்திரகிரிக்கும், வேலூருக்கும் இடம் பெயர்ந்தார்கள். ராஜமகாலில் இப்போது தொல்பொருட் காட்சிசாலை நடைபெறுகிறது. சென்னைப் பட்டினத்தை ஆங்கிலேயருக்கு அளித்த சாசனம் இந்த மாளிகையில்தான் ஒப்பமாயிற்று என்று அங்கே வழிவழியாகச் சொல்லிக் காட்டுவார்கள். வரலாற்று நூல்கள் சொல்வது சற்று வேறு. 1639-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கும்பினியின் பிரான்சிஸ் டே என்பவருக்கு முதற் சாசனம் கொடுத்தவர் தாமர்ல வெங்கடாத்திரி நாயக்கர். அவர் அப்போதைய விஜயநகர அரசருக்கு அடங்கியவர். கோட்டை கட்டிக்கொள்ளவும் குடியிருந்து வாணிகம் செய்யவும் அச்சாசனம் இடமளித்தது. அதன் காலம் ஈராண்டு. பின்னர் 1645-இல் ஸ்ரீரங்க ராயர் அதனை உறுதிசெய்து புதிய சாசனம் வழங்கினார்.

இக்காலத்து மொழியில் சொன்னால், ஈராண்டுக் குடியிருப்பு அனுமதி பெற்று வந்த வெளிநாட்டார் அதனை முறைப்படி நீட்டித்துக்கொண்டார்கள். அப்புறம் 1947 வரை எழுந்து போகவில்லை என்பது வேறு கதை. வேற்று நாட்டார் ஒருவர் எத்தனை நாள் தங்கலாம், எங்கே தங்கலாம், என்ன செய்யலாம் என்று எழுத்தில் கேட்டுப் பெறும் வழக்கம் அந்த மண்ணுக்குப் புதிதன்று என்பதற்காகவே இதைச் சொன்னோம். அம்மண்ணில் வேரூன்றிய குடும்பத்து முதியவரே இன்று அப்படிக் கேட்டுப் போகவேண்டிய நிலையில் இருக்கிறார் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. உறுத்தினும், சட்டத்தின் கண்ணில் கடவுச்சீட்டே பேசுகிறது. பிறந்த குலமும் பேசும் மொழியும் பேசுவதில்லை.

இந்தியாவில் வெளிநாட்டினர் பற்றிய பழைய சட்டங்களான 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களையும் நீக்கி, அவற்றுக்கு ஈடாக 2025-ஆம் ஆண்டில் ஒரே சட்டம் இயற்றப்பட்டது. குடிநுழைவு, வெளிநாட்டினர் சட்டம் என்னும் அது 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. விசாக் காலம் கடந்து தங்கினால் மூன்றாண்டு வரை சிறையோ, மூன்று லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. தவறிப்போய் நான்கு நாள் கூடுதலாக இருந்துவிட்ட கிழவரை யாரும் சிறைக்கு அனுப்பிவிடுவதில்லை. ஆனால் அவர் விமான நிலையத்தில் நிறுத்தப்படுவார். தண்டம் கட்டி, வெளியேறும் அனுமதி வாங்கிய பிறகே போகலாம்.

இதை நாம் ஏட்டிலே படித்து மட்டும் எழுதவில்லை. எம் மைத்துனர் ஒருவர், தம் அத்தை உடல் நலிந்திருக்கிறாள் என்று கேட்டு அவசரமாக முப்பது நாள் இ-விசா எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அவர் கையிலிருந்த அனுமதித் தாளில் காலாவதி நாள் என்று ஒரு தேதி அச்சிட்டிருந்தது. அந்தத் தேதி வரை தங்கலாம் என்று அவர் எண்ணிவிட்டார். அதன் உண்மைப் பொருளோ, அந்தத் தேதிக்குள் நாட்டினுள் நுழைந்துவிட வேண்டும் என்பதே. முப்பது நாள் கணக்கு, அவர் சென்னையில் இறங்கிய நாளிலேயே தொடங்கிவிட்டது. அத்தை இறந்து, பதினாறாம் நாட் சடங்கையும் முடித்துக்கொண்டு அவர் விமானம் ஏற வந்தபோது, கணக்குக்கு மேல் ஆறு நாள் ஆகியிருந்தது. விமானம் அவரை விட்டுவிட்டுப் பறந்தது. துக்க வீட்டுக்கே திரும்பிப் போய்ப் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, அனுமதிக்காக அவர் காத்திருந்த நாட்கள் அவருக்கு இன்றும் மறக்கவில்லை.

ஆதலின் இதனை அன்பர்கள் நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். முப்பது நாள் இ-விசாவுக்கு நாட்கணக்கு, இறங்கிய நாளிலிருந்து. ஓராண்டு, ஐந்தாண்டு இ-விசாக்களுக்கோ அனுமதி வழங்கப்பட்ட நாளிலிருந்தே ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்கும். ஐந்தாண்டு விசா என்றால் ஐந்தாண்டு தங்கலாம் என்பதும் பொருளன்று. அக்காலத்துக்குள் பலமுறை போய்வரலாம் என்பதே பொருள். தங்கும் நாட்களுக்குத் தனி வரம்பு உண்டு. அது விசாவிலேயே எழுதப்பட்டிருக்கும். சுற்றுலா இ-விசாவை அங்கே போய் நீட்டித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். எட்டு மாதம் தங்க எண்ணும் நம் ஈப்போ அன்பரின் தந்தைக்குச் சுற்றுலா விசா பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

உறவினர் வீட்டில் தங்குவோரை யார் கேட்பார்கள் என்ற சொல்லும் பிழையே. வெளிநாட்டார் ஒருவருக்கு இடங்கொடுக்கும் விடுதியாரும் சத்திரத்தாரும் மட்டுமல்லர், தனி வீட்டுக்காரரும் அவர் வந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதனை அறிவிக்க வேண்டும் என்பது பதிவு அலுவலகத்தின் விதி. ‘சி படிவம்’ என்று நெடுங்காலமாக வழங்கிவந்த இந்த அறிவிப்பை இப்போது கணினி வழியாகவே செய்துவிடலாம். சிற்றப்பா மகன் இதைச் செய்யாவிட்டால் தொல்லை விருந்தாளியோடு நிற்காது, விருந்து வைத்தவருக்கும் உண்டு. இதனைச் சொன்னால் உறவினர் மனம் நோகுமோ என்று தயங்கி, சொல்லாமலே போய்விடுகிறோம். புறப்படுமுன் தொலைபேசியில் பேசும்போதே சொல்லிவிடுவது நலம்.

இனி, 180 நாளுக்கு மேற்பட்டுத் தங்க இடந்தரும் விசாவில் செல்வோர், அந்த விசாவில் வேறுவிதமாகக் குறித்திருந்தாலொழிய, இறங்கிய பதினான்கு நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்திய வம்சாவளியினர்க்கென்று ‘என்ட்ரி விசா’ என ஒருவகை உண்டு. நீண்ட நாள் உறவினரோடு தங்க விரும்புவோர்க்கு அது ஏற்றதே. ஆயினும் இந்தப் பதிவுத் தொல்லை அதிலும் உண்டு. தெலுங்கில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவர் இதற்காக அலைவதை நினைக்கும்போது, வேறு வழி இருக்கையில் ஏன் அலையவேண்டும் என்றே தோன்றுகிறது.

அந்த வேறு வழி ‘ஓ.சி.ஐ.’ அட்டை. கடல்கடந்த இந்தியக் குடிமகன் என்று அதன் பெயரை விரித்துச் சொன்னதும், இந்நாட்டுக் குடியுரிமை போய்விடுமோ என்று நம்மவர் பலர் அஞ்சுகிறார்கள். அச்சம் வேண்டாம். பெயரில் குடிமகன் என்ற சொல் இருப்பினும் அது குடியுரிமையன்று. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, இந்நாடும் ஏற்பதில்லை. ஓ.சி.ஐ. அட்டை வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும் விசாவைப் போன்றது. எத்தனை முறையும் போய்வரலாம். எவ்வளவு காலமும் தங்கலாம். பதிவு அலுவலகத்தில் பதியவேண்டுவதில்லை. ஓட்டுப் போடவும், விளைநிலம் விலைக்கு வாங்கவும் உரிமையில்லை. பாட்டன் நிலம் வாரிசுரிமையால் வந்தால் வைத்துக்கொள்ளலாம். சமயப் பிரசாரம், பத்திரிகைத் தொழில், ஆராய்ச்சி முதலியவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று 2021-இல் அறிவித்தார்கள். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வருவதற்கு அது தடையன்று.

யாருக்குக் கிடைக்கும்? இந்தியக் குடிமகனாய் இருந்தவர்க்கு மட்டுமன்றி, 1950 சனவரி 26 அன்று குடிமகனாவதற்குத் தகுதியுடையவராய் இருந்தவர்க்கும், அவருடைய மக்கள், பேரர், கொள்ளுப்பேரர்க்கும் கிடைக்கும். ‘தகுதியுடையவராய்’ என்ற அச்சொல்லே நம்மவர்க்கு உயிர்நாடி. பாட்டனார் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கவில்லையே என்று கலங்கவேண்டா. அவர் சந்திரகிரியில் பிறந்தவர் என்று காட்டினால் அந்தத் தகுதி வந்துவிடும். ஆகவே அன்பரின் தந்தைக்கும், அன்பருக்கும், அன்பரின் பிள்ளைகளுக்கும் வழி திறந்தே இருக்கிறது. அதற்கடுத்த தலைமுறைக்குப் பொதுவிதிப்படி இல்லை. ஆயினும் மொரீசியசு நாட்டாருக்கு 2024-இல் ஏழாந்தலைமுறை வரை தளர்த்தினார்கள். ஆகையால் அடுத்த தலைமுறையாரும் கோலாலம்பூர் இந்திய ஹை கமிஷனில் கேளாமலே முடிவுகட்டிவிடலாகாது.

காட்டினால் என்று சொன்னோம். இடர்ப்பாடு அங்கேதான். நம் முன்னோர் ஊர் பெயரை ஒருவகையாய்ச் சொல்ல, துரைமார் வேறுவகையாய் எழுதினார்கள். அதுவுமன்றி, ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மேல்முகவரி மாறிக்கொண்டே வந்தது. 1911-க்கு முன் பிறந்தவர் தாளில் ‘வடஆர்க்காடு ஜில்லா, சந்திரகிரி தாலுகா’ என்றிருக்கும். அவ்வாண்டு ஏப்ரலில் சித்தூர் ஜில்லா உண்டாயிற்று. அதன்பின் வந்த தாள்களில் ‘சித்தூர் ஜில்லா, சென்னை மாகாணம்’ என்று காணலாம். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர இராச்சியம் பிறந்தது. 1956 நவம்பர் 1 அன்று ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. பக்கத்துத் திருத்தணி 1960 ஏப்ரலில் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தது. சந்திரகிரி ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரல் 4 முதல் சந்திரகிரி, புதிதாய் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. பாட்டனார் தாளில் ‘மதராஸ்’ என்றிருக்க, உறவினர் அனுப்பும் சான்றில் ‘ஆந்திரப் பிரதேசம், திருப்பதி மாவட்டம்’ என்றிருந்தால், இரண்டும் ஒரே ஊர்தானா என்று கேட்பவர் கேட்கத்தான் செய்வார். அதற்காக யாரும் தாளில் ஓரெழுத்தையும் திருத்தலாகாது. இந்த மாறுதல்களை ஆண்டோடு எழுதி ஒரு குறிப்பாக இணைத்துவிட்டால் போதும்.

பெயர்ச் சிக்கல் இதனினும் பெரிது. இங்கே ‘முனுசாமி’ என்று பதிந்தவர் அங்கே தெலுங்கில் ‘முனிஸ்வாமி’ ஆகிவிடுகிறார். தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாய் மாறுகிறது. ஒவ்வொரு தலைமுறைக்கும் தந்தை பெயர் காட்டும் பிறப்புச் சான்று ஒன்று கைவசம் இருந்தால் சங்கிலி அறாது. அங்கே பிறப்புப் பதிவு கிடையாவிடில், பழைய பள்ளிச் சான்று, பட்டா, அடங்கல், தாசில்தார் தரும் பிறப்பிடச் சான்று முதலியவற்றைத் தேடிப் பார்க்கச் சொல்லலாம். வீட்டுப் பரணில் கிடக்கும் தகரப்பெட்டியை முதலில் திறந்து பாருங்கள். 1953 ஆகஸ்டில் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பெற்ற அனுமதித் தாள்களைப் பெரியவர்கள் எறிந்திருக்கமாட்டார்கள். அவற்றைத் துணியில் சுற்றிக் கற்பூரம் வைத்துக் காத்த வீடுகளை நாம் அறிவோம்.

சில்லறைச் செய்திகள் இரண்டு. 2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் இறங்கும் வெளிநாட்டினர் வருகை அட்டையைக் கணினி வழியே முன்கூட்டி நிரப்பவேண்டும், அதற்குக் கட்டணமில்லை. விசாவுக்கென்று போலி இணையத்தளங்கள் பல கடை விரித்திருக்கின்றன. அரசாங்கத் தளத்தின் பெயர் ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்றுதான் முடியும்.

ஈப்போ அன்பர் தந்தையாரின் பிறப்புச் சான்றையும், பாட்டனாரின் பழைய தாள்கள் எவை கிடைப்பினும் அவற்றையும் எடுத்துக்கொண்டு, ஞாயிறு மாலை நான்கு மணிக்குமேல் சங்கக் கட்டடத்துக்கு வந்தால் விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பித் தருவோம். தந்தையாரையும் அழைத்து வரட்டும். பாட்டனாரின் பெயரைச் சந்திரகிரியில் எப்படிச் சொல்வார்கள் என்று அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.