கீழே சூடாகிறது, மேலே குளிர்கிறது: துருவ வானம் சொல்லும் சாட்சியம்

காலநிலை மாற்றம் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்களிடமிருந்து வழமையாக வரும் பதில் ஒன்று இருக்கிறது. "பூமி முன்பும் சூடாகியிருக்கிறது, முன்பும் குளிர்ந்திருக்கிறது. சூரியன் சில காலம் கூடச் சுடும், சில காலம் குறையச் சுடும். இதில் மனிதனுக்கு என்ன பங்கு?" வட்ஸ்அப் குழுமங்களில் இதே கருத்து விதவிதமான காணொளிகளாகச் சுற்றி வருகிறது. விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில் வகுப்பறையிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் நான் இதனை அடிக்கடி கேட்கிறேன்.

இதனைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. கேள்வி நியாயமானது. பூமி சூடாகிறது என்பது ஒரு விடயம். அதற்குக் காரணம் எது என்பது வேறு விடயம். முதலாவதற்குத் தரையில் வைத்த வெப்பமானி பதில் சொல்லும். இரண்டாவதற்கு அது மட்டும் போதாது. ஒரு வெள்ளத்தையோ ஒரு வரட்சியையோ காட்டி "இதோ ஆதாரம்" என்று சொல்வதும் சரியான விடையாகாது. வெள்ளமும் வரட்சியும் முன்பும் வந்தவைதான்.

அப்படியானால் ஆதாரத்தை எங்கே தேடுவது? நமது தலைக்கு மேலே, பல பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் தேட வேண்டும் என்பதே விஞ்ஞானம் தரும் விடை.

வளிமண்டலப் படைகளின் வரைபடத்தைப் பாடசாலையில் வரைந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். நாம் வாழ்வது மாறன் மண்டலத்தில். அதற்கு மேலே சுமார் 50 கிலோமீற்றர் வரை படைமண்டலம். அதற்கும் மேலே 80, 90 கிலோமீற்றர் வரை இடைமண்டலம். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் இந்தப் படைகளைப் பெயர், உயரம், வெப்பநிலை என்று அட்டவணையாகக் கற்பிக்கப் பழகினோம். அந்த அட்டவணையில் உள்ள வெப்பநிலைகள் மாறிக்கொண்டு வருகின்றன என்பதுதான் இன்றைய செய்தி. அவை எல்லாம் ஒரே திசையில் மாறவில்லை என்பதுதான் அதிலுள்ள முக்கியமான விடயம்.

சூரியன் கூடுதலாகச் சுடுவதுதான் காரணம் என்றால் கீழிருந்து மேல்வரை எல்லாப் படைகளும் சூடாக வேண்டும். காபனீரொட்சைட்டு காரணம் என்றால் கீழே சூடாகி, மேலே குளிர வேண்டும். தரைக்கு அருகில் வளி அடர்த்தியானது. அங்கே காபனீரொட்சைட்டு பூமியிலிருந்து எழும் வெப்பக் கதிர்களை உறிஞ்சி, அவை எளிதில் வெளியேறாமல் தடுக்கிறது. மிக உயரத்தில் வளி ஐதானது. அங்கே அதே காபனீரொட்சைட்டு மூலக்கூறுகள் அயலிலுள்ள மூலக்கூறுகளுடன் மோதிப் பெறும் சக்தியை செங்கீழ்க் கதிர்களாக விண்வெளிக்கு அனுப்பிவிடுகின்றன. அதைத் தடுத்துப் பிடிக்க மேலே போதிய வளி இல்லை. ஆகவே வாயு கூடக் கூட மேற்படைகள் தமது வெப்பத்தை இழக்கின்றன.

இது நடந்து முடிந்த பிறகு சொல்லப்பட்ட விளக்கமல்ல. சியுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்ட் ஆகிய இருவரும் 1967இலேயே கணித மாதிரி ஒன்றின் மூலம் இதனை முன்கூட்டிச் சொன்னார்கள். அப்போது மேல் வளிமண்டலத்தைத் தொடர்ச்சியாக அளக்கும் செய்மதிகள் இருக்கவில்லை. மனாபேவுக்கு 2021இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இனி அளவீட்டுக்கு வருவோம். அந்தாட்டிக்காவில் டேவிஸ் என்ற அவுஸ்திரேலிய ஆய்வு நிலையம் 1957 முதல் இருக்கிறது. அது அமைந்திருப்பது கிட்டத்தட்ட நமது நெடுங்கோட்டில்தான். கொழும்பிலிருந்து நேர் தெற்கே கடலில் எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு மேல் சென்றால், இடையில் வேறு எந்த நிலமும் குறுக்கிடாமல் அந்தப் பகுதியை அடையலாம்.

அங்கே குளிர்கால இரவு மிக நீண்டது. அந்த இருளில், ஏறக்குறைய 87 கிலோமீற்றர் உயரத்தில், ஐதரொட்சில் மூலக்கூறுகளின் மெல்லிய படையொன்று மிக மங்கலாக ஒளிர்கிறது. அந்த ஒளியை நிறமாலைமானியால் பிரித்து, அதன் கோடுகளின் பிரகாசத்தை ஒன்றுடன் ஒன்று ஒப்பிட்டால் அந்த உயரத்தின் வெப்பநிலையைக் கணிக்கலாம். வானிலை பலூன்கள் முப்பது, முப்பத்தைந்து கிலோமீற்றர் வரைதான் ஏறும். செய்மதிகளோ அவ்வளவு தாழ்வாகப் பறக்க முடியாது. ஆகவே இடையிலுள்ள இந்தப் பகுதியைத் தூரத்திலிருந்துதான் அளக்க வேண்டியிருக்கிறது. விஞ்ஞானிகளே இதனை "அறியாமை மண்டலம்" என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

டேவிஸ் நிலையத்தின் 1995 முதல் 2018 வரையான 24 குளிர்காலப் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியின் தாக்கத்தைக் கழித்த பின்னரும், அந்த உயரம் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 1.2 பாகை செல்சியஸ் வீதம் குளிர்ந்து வந்திருப்பது தெரிந்தது. தரையின் சராசரி வெப்பநிலை அண்மைத் தசாப்தங்களில் பத்தாண்டுக்கு சுமார் 0.2 பாகை வீதமே கூடிவருகிறது. மேலே நிகழும் மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை இந்த ஒப்பீடு காட்டும்.

சூரியனை விஞ்ஞானிகள் கணக்கில் எடுப்பதில்லை என்ற குற்றச்சாட்டுக்கும் இங்கே பதில் இருக்கிறது. நாசாவின் டைமெட் செய்மதி 2001 டிசம்பரில் ஏவப்பட்டது. அதன் தரவுகளின்படி, 2002 முதல் 2019 வரை இடைமண்டலமும் அதற்குச் சற்று மேலேயுள்ள பகுதியும் குளிர்ந்து சுருங்கியதில் அவற்றின் தடிப்பு ஏறக்குறைய 1,300 மீற்றர் குறைந்திருந்தது. அதில் பெரும்பகுதிக்கு சூரியனின் செயற்பாடு தணிந்திருந்ததே காரணம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். காபனீரொட்சைட்டின் பங்கு சுமார் 340 மீற்றர் மட்டும் என்றார்கள். சூரியனின் பங்கு கூடிக் குறையும். வாயுவின் பங்கோ ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும்.

துருவங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன என்றும் நான் சொல்ல மாட்டேன். வடதுருவத்துக்கு அருகே, நோர்வேக்குரிய ஸ்வால்பாட் தீவில் இதே முறையில் முப்பது ஆண்டுகள் எடுக்கப்பட்ட குளிர்காலப் பதிவுகளில் குறிப்பிடத்தக்க குளிர்ச்சி எதுவும் தென்படவில்லை. வடதுருவத்தின் குளிர்கால வானம் மிகவும் கொந்தளிப்பானது. அங்கே சில குளிர்காலங்களில் படைமண்டலம் ஒரு சில நாட்களுக்குள் முப்பது, நாற்பது பாகை சூடாகிவிடும். 1952இல் பேர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் இதனை முதலில் கண்டறிந்தார். அப்போது அதற்கு மேலேயுள்ள இடைமண்டலம் பெரும்பாலும் குளிரும். இத்தகைய ஆட்டங்களுக்கு நடுவே பத்தாண்டுக்கு ஒரு பாகை என்ற மாற்றத்தைப் பிரித்தெடுப்பது இலகுவல்ல. ஓரிடத்தின் ஓரிரு ஆண்டுத் தரவைக் காட்டி எதையும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பல நிலையங்களும் பல தசாப்தங்களும் தேவை.

தாழ்ந்த படைமண்டலம் குளிர்ந்ததற்கு ஓசோன் குறைந்ததும் ஒரு காரணம். ஆகவேதான் அதற்கும் மேலே பார்க்க வேண்டியிருக்கிறது. பென் சான்டரும் அவரது குழுவினரும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், 25 முதல் 50 கிலோமீற்றர் வரையான உயரத்தின் உலகளாவிய செய்மதித் தரவுகளைச் சேர்த்தபோது மனிதச் செயற்பாட்டின் அடையாளம் ஐந்து மடங்கு தெளிவாகத் தெரிந்தது. அங்கே இயற்கையான ஏற்ற இறக்கம் குறைவு, காபனீரொட்சைட்டின் விளைவோ அதிகம். கைத்தொழில் புரட்சிக்கு முன் வளியில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

இந்தக் குளிர்ச்சி நமக்கு எந்தப் பாதிப்பையும் தராது என்றும் நினைத்துவிடக் கூடாது. மேல் வளிமண்டலம் குளிர்ந்து சுருங்கும்போது, தாழ்ந்த சுற்றுப்பாதைகளில் வளியின் அடர்த்தி குறைகிறது. பழுதடைந்த செய்மதிகளையும் உடைந்த துண்டுகளையும் மெல்ல மெல்லக் கீழே இழுத்து எரித்துவிடுவது அந்த வளியின் உராய்வுதான். உராய்வு குறைந்தால் அந்தக் குப்பை மேலேயே நீண்ட காலம் சுற்றும். மோதல் ஆபத்தும் கூடும்.

ஆனால் என்னைக் கவலைகொள்ள வைப்பது இன்னொரு விடயம். இந்த ஆதாரம் எல்லாம் திடீரென்று கிடைத்த கண்டுபிடிப்பல்ல. ஒரே இடத்தில், ஒரே முறையில், யாரும் பாராட்டாத காலத்திலும் விடாமல் அளந்து வைத்ததன் பலன். ஓசோன் துவாரத்தின் கதையும் இதுவே. அந்தாட்டிக்காவின் ஹேலி நிலையத்தில் பிரித்தானிய ஆய்வாளர்கள் 1950களின் நடுப்பகுதி முதல் ஓசோனை அளந்து வந்தார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுப் பதிவு கையில் இருந்தபடியால்தான் ஜோ ஃபார்மனும் அவரது இரு சகாக்களும் 1985இல் அந்த அபாயத்தை உலகுக்குச் சொல்ல முடிந்தது. 1987 செப்டெம்பரில் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. இன்று ஓசோன் படை மெல்லத் தேறி வருகிறது. இடையில் யாராவது "இத்தனை ஆண்டு அளந்தது போதும், பணம் வீண்" என்று கருவியை மூடியிருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும்?

இன்று அப்படிப்பட்ட கேள்வி எழுந்திருக்கிறது. டைமெட் செய்மதி இரண்டு ஆண்டுப் பணிக்காகவே வடிவமைக்கப்பட்டது. அதை வைத்துக்கொண்டே இருபது ஆண்டுகளுக்கு மேல் தரவு திரட்டப்பட்டுள்ளது. துருவ இடைமண்டல முகில்களை ஆராய 2007இல் ஏவப்பட்ட எய்ம் செய்மதியின் பணி, மின்கலம் பழுதடைந்ததால் 2023இல் முடிவுக்கு வந்தது. மறுபுறம், 2026 நிதியாண்டுக்காக வெள்ளை மாளிகை சமர்ப்பித்த வரவுசெலவுத்திட்ட முன்மொழிவு, நாசாவின் புவி விஞ்ஞானத்துக்கான நிதியை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கக் கோரியது. முன்மொழிவு அப்படியே நிறைவேறுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் இத்தகைய வேலை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அது காட்டிவிட்டது.

இந்தச் செய்மதிகளை ஏவுவதோ துருவத்தில் நிலையம் நடத்துவதோ நம்மால் ஆகக்கூடியதல்ல. காலநிலையின் பாதிப்பைத் தாங்கும் நாடுகளில் பல, அதை அளக்கும் வசதி இல்லாதவை. ஆகவேதான் சர்வதேச காலநிலை மாநாடுகளில் நமது பிரதிநிதிகள் நிவாரண நிதியைக் கேட்பதுடன் நின்றுவிடாமல், நீண்டகால அவதானிப்புகளைத் தொடர வேண்டும் என்றும் கேட்க வேண்டும். இழப்பீடு கேட்பவருக்குச் சாட்சியம் அவசியம். "இது உங்கள் புகையால் வந்தது" என்று வளர்ந்த நாடுகளிடம் சொல்வதற்கு, சூரியன் மீது பழி போட முடியாத ஆதாரம் நம்மிடம் இருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வளிமண்டலப் படைகளைப் பரீட்சைக்கான அட்டவணையாக மட்டும் கற்பிக்காமல், "சூரியன் காரணம் என்றால் மேலே என்ன நடக்க வேண்டும்? வாயு காரணம் என்றால் என்ன நடக்க வேண்டும்? உண்மையில் என்ன நடக்கிறது?" என்று மாணவர்களைக் கேட்கலாம். சாதாரண தரத்தில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த மூன்று கேள்விகளும் விளங்கும். விளங்கிய பிள்ளையை வட்ஸ்அப் காணொளி ஏமாற்றுவது கடினம்.

தவறவிட்ட ஒரு பாடத்தை அடுத்த தவணையில் நடத்தலாம். தவறவிட்ட ஒரு குளிர்காலத்தின் அளவீட்டை எவ்வளவு பணம் கொடுத்தும் திரும்ப எடுக்க முடியாது. அந்தப் பதிவேட்டில் விழும் வெற்றுப் பக்கங்கள், நாளை "ஆதாரம் எங்கே?" என்று கேட்பவர்களுக்கே வசதியாகப் போய்விடும்.