எட்டுக்கு ஆறு லீராய்

ஜெயிக்கிற ஆளை நமக்குப் பிடிக்கும். அவரே திரும்பத் திரும்ப ஜெயித்துக்கொண்டிருந்தால் போரடிக்கும். போரடிக்காமல் போர் நடத்துவது எப்படி? வீடியோ கேமில் சண்டை விளையாட்டு தயாரிக்கிறவர்களுக்கு முப்பது வருஷமாக இதுதான் தலைவலி.

2020 ஜனவரியில் ஜப்பானின் சீபா நகரில் 'ஈவோ ஜப்பான்' என்று ஒரு பெரிய போட்டி. அதில் ஒரு பிரிவு 'டெக்கன் 7'. (ஹைதராபாத் பக்கத்துப் பீடபூமியை நினைக்காதீர்கள். ஜப்பானிய மொழியில் 'இரும்பு முஷ்டி' என்று அர்த்தம்.) நாற்பதுக்கும் மேற்பட்ட கேரக்டர்கள் அதில் உண்டு. கராத்தேக்காரர் உண்டு, குத்துச்சண்டைக்காரர் உண்டு, கரடிகூட உண்டு. பிடித்தவரை எடுத்துக்கொண்டு ஆட வேண்டியதுதான். கடைசி எட்டுக்கு வந்தவர்களில் ஆறு பேர் எடுத்தது ஒரே ஆளை. நரைத்த முடி, நியூயார்க்வாசி, விங் சுன் குங்ஃபூ நிபுணர், பெயர் லீராய் ஸ்மித். கோப்பையைத் தட்டிக்கொண்டு போன தாய்லாந்துக்காரர் கையிலும் லீராய்தான்!

எட்டு டீமில் ஆறு டீமுக்கு ஒரே டெண்டுல்கர் ஓப்பனிங் இறங்கினால் எப்படி இருக்கும்? முதல் மாட்ச் பிரமாதம். மூன்றாவது மாட்சில் டி.வி.யை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம்.

இதில் இன்னொரு வில்லங்கம். லீராய் அதற்கு முந்தின மாதம்தான், 2019 டிசம்பரில், வந்து சேர்ந்தவர். தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய கேரக்டர். எதிராளியின் குத்தைத் தட்டிவிட்டு அதே மூச்சில் திருப்பி அடிப்பார். அவருடைய அடியைத் தடுத்து நிறுத்தினாலும் அவருக்குப் பெரிய நஷ்டமில்லை. பட்டால் நமக்குப் பெரிய நஷ்டம். 'காசு கொடுத்தவன் ஜெயிப்பான்' என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அப்புறம் அந்த விளையாட்டை யார் மதிப்பார்கள்?

உடனே 'லீராய் கையை ஒடி' என்று கூக்குரல். சரி, ஒடிக்கலாம். எந்த விரலை?

சண்டை விளையாட்டுக்கு அடிப்படை, நாம் சின்ன வயசில் ஆடிய கல்-காகிதம்-கத்திரிதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருக்க வேண்டும். பலசாலி இருக்கலாம், தப்பே இல்லை. அவருக்குப் பதிலே இல்லையென்றால்தான் தப்பு. கூக்குரல் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1991-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-ல் ஹோண்டா என்று ஒரு சுமோ மல்லர். குத்து பட்டனைப் படபடவென்று தட்டினால் போதும், சரமாரியாக அறைவார். புதுசாக ஆடுகிறவன் நாலு ஆட்டம் தோற்றுவிட்டு, 'இந்தக் குண்டனை எடுத்து வெளியே போடுங்கய்யா' என்பான். கொஞ்சம் ஆடிப் பழகியவன் தள்ளி நின்று நெருப்புப் பந்தை வீசியே அவரை நோகடிப்பான். பதில் இருக்கிறது, தெரிந்துகொள்ள நாளாகும். அவ்வளவுதான். தோற்றவன் புகாரை மட்டும் கேட்டுக்கொண்டு திருத்த ஆரம்பித்தால் விளையாட்டில் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள்.

நிஜமாகவே பதில் இல்லாத ஆசாமியும் வந்தார். 1994-ல் 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ'வில் ரகசியமாக ஒளித்து வைத்திருந்த அகுமா. மற்றவர்கள் தரையில் நின்று நெருப்புப் பந்து வீசினால், இவர் எகிறிக் குதித்து அந்தரத்திலிருந்து சாய்வாக வீசுவார். பாதிப் பேருக்கு அதைத் தாண்டிக் கிட்டே போகவே வழியில்லை. அந்தக் காலத்து மெஷினில் இருந்தது சிப். விற்றது விற்றதுதான், திருத்த முடியாது. ஆகவே ஆடுகிறவர்களே போட்டிகளில் 'அகுமா வேண்டாம்' என்று ஒதுக்கி வைத்தார்கள். ஊர் கூடித் தள்ளி வைத்த மாதிரி.

2008-ல் அதே விளையாட்டைப் புதுப்பித்தபோது டேவிட் சர்லின் என்கிற வடிவமைப்பாளர், பாவம், அகுமாவைச் சீர்திருத்திச் சபையில் சேர்க்கப் பார்த்தார். பலத்தைக் குறைத்தும் பார்த்தார். அப்படியும் ஆள் அடங்கவில்லை. மறுபடி தள்ளி வைத்தார்கள்.

குறைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? திரையில் ஒரு வினாடிக்கு 60 படம் ஓடுகிறது. டெக்கனில் நின்றபடி விடுகிற மிக வேகமான குத்து எதிராளியைத் தொட 10 படம் ஆகும். நான் ஓர் அடி விட்டு, நீங்கள் தடுத்துவிட்டீர்கள். கையை இழுத்துக்கொண்டு நிமிர்வதில் உங்களைவிட நான் 9 படம் பின்தங்கினால் தப்பித்தேன். 10 படம் பின்தங்கினால் மூக்கில் வாங்குவேன். வித்தியாசம் அறுபதில் ஒரு வினாடி! அந்த ஒரு எண்ணை மாற்றினால் தைரியமாக விட்ட அடி தற்கொலை முயற்சி ஆகிவிடும். சாம்பாரில் உப்பைக் குறைப்பது மாதிரி கண்ணளவில் செய்கிற காரியமில்லை இது.

என் அக்கா பையன் வேறொரு சண்டை விளையாட்டில் ஒரே கேரக்டரை இரண்டு வருஷம் ஆடிப் பழகினான். ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம், சாதகம் பண்ணுகிற பாடகர் மாதிரி. ஒரு நாள் காலையில் திருத்தம் வந்து இறங்கியது. அவனுடைய முக்கியமான அடி ஒன்று செல்லாக்காசு.

"வேற ஆளை எடுத்து ஆடேண்டா" என்றேன்.

"கை பழகிடுச்சு மாமா. மூளைக்குச் சொல்லிடலாம், விரலுக்கு எப்படிச் சொல்றது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. திருத்துகிறவர்களுக்கு அது ஒரு எண். இவனுக்கு இரண்டு வருஷத்து ராத்திரி.

அதற்காகத் திருத்தாமலும் இருக்க முடியாது. அவன் ஒருத்தன் சந்தோஷத்துக்காக மற்ற கேரக்டர்களைப் பழகியவர்கள் எல்லாம் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டுமா? அவர்களுக்கும்தானே ராத்திரி? கிரிக்கெட்டில் வேகப்பந்துக்காரர்கள் தலையைக் குறி பார்த்துக்கொண்டே இருந்தபோது, 1991-ல் ஒரு பேட்ஸ்மேனுக்கு ஓர் ஓவரில் ஒரு பவுன்சர்தான் என்று சட்டம் வந்தது. பவுலர்கள் முணுமுணுத்தார்கள். மூன்று வருஷத்தில் ஓவருக்கு இரண்டு என்று தளர்த்தினார்கள். முதலில் இறுக்கி, பிறகு கொஞ்சம் விட்டுக் கொடுத்து, நடுவில் ஓர் இடத்தைத் தேடுவது. வேறு வழி யாருக்கும் தெரியாது.

என்னைக் கேட்டால் உருப்படியான திருத்தம் ஆளைக் கொல்லாது. ஆளுக்கு ஒரு பதிலைப் பிறக்க வைக்கும். அகுமா இன்னும் அந்தரத்தில் வீசட்டும், வீசிவிட்டு இறங்குகிற இடத்தில் எதிராளிக்கு ஒரு வாய்ப்பு இருக்கட்டும். லீராய் தட்டிவிட்டு அடிக்கட்டும், ஆனால் அவர் தட்டப் போகிறார் என்று முன்கூட்டியே ஊகித்தவனுக்கு அதற்குரிய கூலி கிடைக்கட்டும். ஜெயிக்கிறவன் பயந்துகொண்டே ஜெயிக்க வேண்டும், தோற்கிறவன் 'அடுத்த தடவை பாரு' என்று சொல்லிக்கொண்டே தோற்க வேண்டும். 'அடுத்த தடவை' என்கிற அந்த வார்த்தை போய்விட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

லீராய்க்கும் 2020-லேயே வைத்தியம் நடந்தது. பல அடிகளில் சேதத்தைக் குறைத்தார்கள், வசதிகளைக் கத்தரித்தார்கள். ஆளை ஒழிக்கவில்லை. 2024 ஜனவரியில் 'டெக்கன் 8' வந்தபோது முதல் நாளே வந்து நின்ற 32 பேரில் லீராயும் ஒருவர்.

முப்பத்திரண்டில் ஒருவர் என்பது எட்டுக்கு ஆறைவிடக் கௌரவமான கணக்கு. மற்ற முப்பத்தியொரு பேரும் சம்மதிப்பார்கள்.