தொட்டியில் துள்ளும் வெள்ளைப் பூச்சிக்கு மருந்து வேண்டாம்

மண்புழு உரத் தொட்டியில் சாக்கை விலக்கினால் உப்புத் தூள் போல வெள்ளையாக ஏதோ துள்ளுகிறது. மகளிர் குழுக் கடனில் போட்ட தொட்டி, இரண்டு வாரத்தில் உரம் எடுக்க வேண்டும், குருணை மருந்து தூவலாமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

தூவ வேண்டாம். துள்ளும் பூச்சியோடு மண்புழுவும் செத்துவிடும். கடன்தான் மிஞ்சும்.

இதற்கு ஸ்பிரிங்டெயில் என்று பெயர். பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளம்தான். ஆறு கால் உண்டு, இறக்கை கிடையாது. வயிற்றுக்கு அடியில் கவட்டை போன்ற ஓர் உறுப்பு மடங்கி, கொக்கியில் மாட்டியிருக்கும். தொந்தரவு வந்தால் கொக்கி விடுபட்டு, கவட்டை தரையில் அறையும், பூச்சி எகிறிவிடும். மனிதரையோ ஆடு மாடுகளையோ கடிக்காது.

இதன் தீனி பூஞ்சணமும் மட்கும் இலைதழையும்தான். நல்ல மண்ணில் ஒரு சதுர மீட்டருக்குள் பல்லாயிரம் இருக்கும். குப்பையை மட்க வைப்பதில் மண்புழுவுக்கு இது கூட்டாளி.

அடையாளம் காண, ஒரு சிட்டிகை உரத்தை வெள்ளைத் தட்டில் போட்டுத் தண்ணீர் விடுங்கள். ஸ்பிரிங்டெயில் மூழ்காது, நீரின் மேல் மிதந்து துள்ளும். துள்ளாமல் ஊர்ந்தால் அது வேறாக இருக்கலாம். எறும்பு தெரிந்தால் உடனே தொட்டியைச் சுற்றித் தண்ணீர் கட்டுங்கள்; மண்புழுவுக்கு எறும்பு பகை.

ஸ்பிரிங்டெயில் அளவுக்கு மீறிப் பெருகினால் தொட்டியில் ஈரம் அதிகம் என்று பொருள். உரத்தைக் கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் தண்ணீரைக் குறைத்து, அடியில் நீர் வடியும் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த இலை, வைக்கோல் கலந்து மெதுவாகக் கிளறிவிடுங்கள்.

'பூச்சி விழுந்த உரம்' என்று வாங்குபவர் விலையைக் குறைப்பாரோ என்ற கவலையும் வேண்டாம். அறுவடைக்கு நான்கைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். மண்புழு கீழே இறங்கிவிடும். மேல் உரத்தை எடுத்து நிழலில் குவித்து உலர்த்திச் சலித்துக் கட்டுங்கள். ஈரம் இல்லாத இடத்தில் ஸ்பிரிங்டெயில் பிழைக்காது.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை. காளான் குடிலில் இது பூஞ்சண இழையைத் தின்று மகசூலைக் கெடுக்கும். ஆகவே கழிந்த படுக்கைகளைக் குடிலுக்குள் வைக்காதீர்கள், தரையில் நீர் தேங்க விடாதீர்கள். குழித்தட்டு நாற்றில் இது துள்ளினால் நீர் மிகுதி. அடுத்து வருவது நாற்றழுகல். தட்டை உயர்த்தி வைத்து, மேல்பரப்பு காய்ந்த பிறகே நீர் விடுங்கள். அடுத்த விதைப்பில் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதையுங்கள்.

மருந்துக் கடைக்குப் போகுமுன் பூவாளியைக் கொஞ்சம் ஓய்வாக வையுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.