அம்மையாரைப் பாராட்ட எனக்கு ஏன் இருபது வருஷம் ஆனது?

நண்பர்களே, கொஞ்சம் நீண்ட பதிவு. திட்ட வேண்டும் என்று தோன்றினால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் பங்களிப்பு ஓய்வூதியம் பற்றி எழுதியிருந்தேன். 1.4.2003-க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்று ஆக்கியது ஜெயலலிதா அம்மையாரின் அரசு என்று, எப்போதும் போல் சூடாகவே நாலு வார்த்தை எழுதினேன். வழக்கமாகக் கைதட்டுகிறவர்கள் கைதட்டினார்கள். வழக்கமாக வசை பாடுகிறவர்கள் வசை பாடினார்கள். இரண்டும் எனக்குப் பழகிப்போனவை.

அன்று இரவு உள்பெட்டியில் ஒரு செய்தி வந்தது. பழைய மாணவி. இப்போது செவிலியர்.

"சார், நீங்க அந்தம்மாவைப் பத்தி எழுதின எல்லாத்தையும் படிச்சிருக்கேன். எதுவும் பொய் இல்ல. ஆனா ப்ளஸ் ஒன்ல அவங்க குடுத்த சைக்கிள் வரலன்னா எங்கப்பா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்க மாட்டாரு. அதையும் ஒரு வரி எழுதக் கூடாதா சார்?"

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. ஏனென்றால் அவள் கேட்டது நியாயம். அம்மையாரைக் கண்டித்து இத்தனை காலமாக எழுதியவன், ஒருமுறைகூட அந்தச் சைக்கிளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. இந்தப் பதிவுதான் அவளுக்கு நான் தரும் பதில்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய கண்டனங்களில் ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதற்காக ஏறக்குறைய 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கியது அரசு அல்ல, ஆணவம். பெரும்பாலானவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2002-இல் கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டம் தவறு. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு இடம்கூடக் கிடைக்காத பிறகுதான் அதைக் கைவிட்டார். 2011-16 ஆட்சியில் பத்திரிகைகள் மீதும் எதிர்க்கட்சியினர் மீதும் 200-க்கு மேற்பட்ட அவதூறு வழக்குகள். சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரி 14 அன்று விசாரணை நீதிமன்றத் தீர்ப்பே சரி என்றது. அதற்குள் அவர் இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு மட்டும் அற்றுப்போனது. இவை எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

இப்போது சைக்கிளுக்கு வருகிறேன்.

அம்மையாரின் 2001-06 ஆட்சியில் மேல்நிலை வகுப்பு மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு. பிறகு படிப்படியாக மற்றவர்களுக்கும், பையன்களுக்கும். ஊருக்குள் வாழ்கிறவர்களுக்கு இதன் அருமை புரியாது. கிராமத்தில் உயர்நிலைப் பள்ளி இருக்கும், பத்தாவதோடு முடிந்துவிடும். மேல்நிலைப் பள்ளி ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். காலையில் ஒரு பஸ். மாலையில் வர வேண்டிய பஸ் வந்தால் உண்டு. மார்கழி மாதத்தில் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஆறு மணிக்குப் பெண்பிள்ளை தனியாக நடந்து வர வேண்டும் என்றால் எந்த அப்பா அனுப்புவார்? "பத்தாவது போதும், அத்தை பையன் இருக்கான்" என்று பேச்சு முடிந்துவிடும். எத்தனை நல்ல பிள்ளைகளை அப்படி இழந்திருக்கிறோம் என்பது கிராமத்துப் பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதிய ஒவ்வொருவருக்கும் தெரியும்.

சைக்கிள் வந்த பிறகு அந்தப் பேச்சு மாறியது. ஒரே தெருவிலிருந்து நாலைந்து பெண்கள் சேர்ந்து வந்தார்கள். சேர்ந்து திரும்பினார்கள். பஸ் நேரம் பார்க்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே சைக்கிளில் அம்மாவுக்கு ரேஷன் அரிசி வந்தது, அப்பாவுக்கு வயலுக்குச் சாப்பாடு போனது. பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் வரிசையாக நின்ற அந்தச் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டே ஆசிரியர் அறையில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓட்டுக்குக் கொடுக்கிற லஞ்சம்." எல்லோரும் சிரித்தோம்.

பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஓட்டு கிடையாது என்பது கணக்குத் தெரிந்த எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் இல்லை. தோன்ற விடவில்லை. அந்த அம்மையாரிடமிருந்து நல்லது எதுவும் வராது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத் திட்டத்தைப் பார்த்தேன்.

பொதுத்தேர்வு விடைத்தாளில் பையனின் பதிவு எண்ணை மறைத்து டம்மி எண் போட்டு நம்மிடம் கொடுப்பார்கள். யார் எழுதியது என்று தெரியாமல் திருத்த வேண்டும் என்பதற்காக. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித் திருத்தியவன் நான். அரசியலில் மட்டும் பெயரைப் பார்த்துத்தான் மார்க் போட்டேன்.

இப்போது பெயரை மறைத்துவிட்டுப் பாருங்கள்.

ஒரு முதலமைச்சர் 2003-இல், வீடு கட்டியிருக்கும் ஒவ்வொருவரும் சொந்தச் செலவில் மழைநீர் சேகரிப்பு அமைத்தே தீர வேண்டும் என்று அவசரச் சட்டம் போடுகிறார். சென்னை தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்துக்கிடந்த காலம். இதில் ஓட்டு என்ன கிடைக்கும்? கடைசித் தேதிக்குள் குழி தோண்ட வேண்டிய வீட்டுக்காரரின் வயிற்றெரிச்சல்தான் கிடைக்கும். ஆனாலும் செய்தார். அடுத்து நல்ல மழை பெய்த வருஷங்களில் சென்னைக் கிணறுகளில் தண்ணீர் ஏறியது, உப்பு குறைந்தது. பல வீடுகளில் அந்தக் குழாய் இன்று இலை அடைத்துக் கிடக்கிறது என்றால் அது அவர் குற்றமில்லை, நம் குற்றம்.

1992-இல் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. இன்று மாநிலம் முழுக்க 200-க்கு மேல். அங்கேயும் "குடும்பத்தை அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்புகிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் புருஷன் அடித்த காயத்தை ஆண் போலீஸ்காரரிடம் காட்டக் கூசி வீடு திரும்பிய பெண்ணுக்கு, ஏறிப்போக ஒரு படி கிடைத்தது.

பெரியது ஒன்று இருக்கிறது. 1992 நவம்பர் 16 அன்று மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட ஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. தமிழ்நாட்டில் இருந்தது 69 சதவீதம். அதைக் காக்க 1993 டிசம்பர் 31 அன்று சட்டமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 1994-இல் 76-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்தது. அந்த 69 ஒரே ஆள் கொடுத்தது அல்ல. பிற்படுத்தப்பட்டோருக்கு 50 என்று உயர்த்தியது எம்.ஜி.ஆர். மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனியாக 20 பிரித்தது கலைஞர். ஆனால் அது பறிபோகும் நேரத்தில் நாற்காலியில் இருந்தவர் அம்மையார். கைவிட்டிருந்தால் "நீதிமன்றம் சொல்லிவிட்டது, நான் என்ன செய்ய" என்று தப்பித்திருக்கலாம். தப்பிக்கவில்லை.

அந்தச் சட்டத்துக்கு வழி சொன்னவர் திராவிடர் கழகத்தின் கி.வீரமணி. கடவுள் இல்லை என்று சொல்லும் இயக்கத்தின் தலைவர், கோயில் கோயிலாகப் போகும் அம்மையாருக்கு "சமூகநீதி காத்த வீராங்கனை" என்று பட்டமும் கொடுத்தார். அன்று என் போன்றவர்கள் அவரைக் கேலி செய்தோம். இப்போது யோசித்தால் பெரியவர் செய்ததுதான் சரி. கொள்கைக்கு நன்மை நடந்தது, செய்தவரைச் சொன்னார்.

இங்கேதான் என் உள்ளத்தை உறுத்தும் விஷயம்.

அம்மையாரிடம் எனக்கு மிகவும் பிடிக்காத குணம் எது? ஊழலா? அது மற்றவர்களிடமும் உண்டு. முன்னால் இருந்தவர் செய்தது என்பதற்காகவே ஒரு நல்ல காரியத்தை ஒழித்துக்கட்டும் குணம். சமச்சீர் கல்வி சட்டமாகி, ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் வந்துவிட்டது. 2011-இல் ஆட்சி மாறியதும் நிறுத்தப் பார்த்தார். உயர் நீதிமன்றம் கூடாது என்றது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றமும் கூடாது என்றது. பள்ளி திறந்து இரண்டு மாதத்துக்கு மேல் பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அறிவித்தார். உயர் நீதிமன்றம் தடுத்தது. உழவர் சந்தைகள் கவனிப்பாரற்றுப் போனதும் அவர் காலத்தில்தான். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம். தொடங்கியவர் கலைஞர்.

இதைக் கண்டித்து எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு நல்ல திட்டத்தை, கொண்டுவந்தவர் பெயருக்காக வெறுப்பது அம்மையாரிடம் குற்றம் என்றால், அந்தச் சைக்கிளை அம்மையார் பெயருக்காக நான் வெறுத்தது என்ன? என்னிடம் அதிகாரம் இல்லை, அதனால் சேதம் குறைவு. வேறு வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இது வெறும் மனச்சாட்சி விஷயம் இல்லை. நாட்டுக்கு நஷ்டம் தரும் விஷயம். எதிர்க்கட்சியின் திட்டத்தை நல்லது என்று சொல்லும் குரல் வெளியே இல்லாவிட்டால், அடுத்து வருகிறவர் அதை நிறுத்தும்போது கேட்க ஆள் இருக்காது. 2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டம் பின்னால் எப்படி நின்றுபோனது? "அது அவர்கள் திட்டம்தானே" என்று எங்கள் பக்கத்தார் எவ்வளவு அமைதியாக இருந்தோம்? 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி என்று மறுபடி அறிவித்தபோது கைதட்டிய நாம், நடுவில் ப்ளஸ் டூ முடித்துப் போன பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்லப்போகிறோம்?

நல்ல உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. பள்ளியில் சோறு. 1956-இல் காமராசர் தொடங்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். கலைஞர் முட்டை சேர்த்தார். அம்மையார் கலவை சாதம் சேர்த்தார். 2022-இல் ஸ்டாலின் காலை உணவு சேர்த்தார். தட்டில் இருப்பது யார் போட்டது என்று பிள்ளை கேட்பதில்லை. ஒருவர் போட்டதை அடுத்தவர் கொட்டவில்லை, அவ்வளவுதான். கொட்டினால் மக்கள் விடமாட்டார்கள் என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்தை உண்டாக்குவதுதான் பாராட்டின் வேலை.

2021 மே மாதம், ஆட்சி மாறிய நேரத்தில், முகப்பேரில் அம்மா உணவகத்துக்குள் புகுந்து பலகையைப் பிய்த்தார்கள் ஆளப்போகும் கட்சிக்காரர்கள். ஸ்டாலின் அவர்களைக் கட்சியிலிருந்து நீக்கச் சொன்னார். பலகை மறுபடி ஏறியது. அன்று அதைப் பாராட்டிய அ.தி.மு.க. நண்பர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம். நோய் இரண்டு பக்கமும் இருக்கிறது.

"அரசுப் பணம்தானே, அவர் வீட்டுப் பணமா?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. 2015 வெள்ளத்தில் யாரோ கொடுத்த நிவாரணப் பொருளில் அம்மையார் படத்தை ஒட்டிய கூத்தை நான் மறக்கவில்லை. பணம் மக்களுடையது. ஆனால் அந்தப் பணத்தை எதில் போடுவது என்ற முடிவு அவருடையது. தப்பான முடிவுக்கு அவரைத் திட்டும்போது மட்டும் அது அவர் முடிவாகவும், சரியான முடிவு வந்தால் அரசு முடிவாகவும் ஆவது என்ன கணக்கு?

"பாராட்டினால் ஊழலைப் பூசி மெழுகுவதாகாதா?" ஆகாது, இரண்டையும் ஒன்றில் ஒன்று கழிக்காவிட்டால். சைக்கிள் கொடுத்ததால் தண்டனைத் தீர்ப்பு ஒரு வரிகூடக் குறையாது. தீர்ப்பு வந்ததால் அந்தப் பெண் செவிலியர் ஆனதும் இல்லாமல் போகாது. இரண்டும் தனித்தனிப் பக்கத்தில் இருக்கட்டும்.

"செத்தவரைப் புகழ்வது சுலபம்" என்றும் சிலர் சொல்வீர்கள். அதுதான் எனக்கு வலிக்கிற அடி. உண்மை. 2016 டிசம்பர் 5-க்கு முன்னால் இதை எழுத எனக்குத் தைரியம் இல்லை, மனமும் இல்லை. அதனால் உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். வாத்தியார் புத்தி, விடாது.

இப்போது உயிரோடு, அரசியலில் இருக்கும் தலைவர்களில் உங்களுக்கு அறவே பிடிக்காத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் செய்த நல்ல காரியம் மூன்று எழுதுங்கள். "நல்லா பேசுவார்" என்பது செல்லாது. என்ன திட்டம், எந்த வருஷம், யாருக்குப் பயன் என்று இருக்க வேண்டும். அதன் கீழேயே உங்கள் தலைவர் செய்த தவறு மூன்று, அதே கணக்கில். இதை எழுதக்கூடியவர் அதன்பிறகு யாரைத் திட்டினாலும் நான் காது கொடுத்துக் கேட்பேன். எழுத முடியாதவர் திட்டுவதில் தகவல் எதுவும் இல்லை. அவர் எந்தக் கட்சி என்பது மட்டும்தான் இருக்கிறது.

நானும் எழுதுகிறேன். அடுத்த பதிவு அதுதான்.

அம்மா, உன் கேள்விக்குப் பதில் இது. ஒரு வரி கேட்டாய், நீளமாகிவிட்டது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அந்தச் சைக்கிள் இன்னும் வீட்டில் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு.