வதந்திக்கு இடம் கொடுப்பானேன்?

2022 ஜூலை 13. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பிளஸ் டூ மாணவி ஒருத்தி இறந்துபோனாள். எப்படி என்ற கேள்விக்கு ஊருக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொண்டது. 17-ம் தேதி பள்ளி பஸ்கள் எரிந்தன. மற்றப் பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளும் சாம்பலாயின. மறுநாள் ஐகோர்ட் மறு பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது.

பெற்றவளை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. விசாரணை முடியுமுன் போலீஸ் எல்லாவற்றையும் சொல்ல முடியாதுதான். ஆனால், 'இது முடிந்தது, இது பாக்கி, அடுத்த தகவல் இன்ன நாளில்' என்றாவது தினமும் சொல்லலாமே! பாதிக் கொதிப்பு அடங்கிவிடுமே!

சகோதரிகளே, இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்தவருக்கு எப்.ஐ.ஆர். நகல் இலவசம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டப்படி, விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் அவருக்குப் போலீஸ் தெரிவித்தாக வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

நம் பங்கும் உண்டு. "போட்டோ வந்திருக்கு, பார்த்தியா?" என்று யாராவது செல்போனை நீட்டினால், அதை மேலே அனுப்பாதீர்கள். வீட்டில் பேச்சு குறைந்துபோன பிள்ளையிடம், "என்ன கண்ணு, மனசிலே என்ன?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 1098-க்குக் குழந்தையே போன் செய்யலாம், காசு கிடையாது. அந்த எண்ணை இன்றே சொல்லி வையுங்களேன்.