எத்தனை நாளுக்கு ரிஸ்க்?

"ஷேர் மார்க்கெட்ல ரிஸ்க் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். தினமும் வாங்கி விற்கிறவர் "ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க" என்பார். மியூச்சுவல் ஃபண்ட் விற்கிறவர் "பத்து வருஷம் வச்சிருங்க சார், ரிஸ்க்கே கிடையாது" என்பார். ரெண்டு பேர் சொல்வதும் அரைகுறை என்பது என் கட்சி.

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. ஆனால் 2019 கடைசியில் 41,253-ல் இருந்த சென்செக்ஸ், 2020 கடைசியில் 47,751. வருஷக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட 16 சதவீதம் லாபம்! அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. 1987 அக்டோபர் 19-ல் டவ் ஜோன்ஸ் 22.6 சதவீதம் சரிந்தது. அந்த வருஷமும் சின்ன லாபத்தில்தான் முடிந்தது. அளவுகோலை மாற்றினால் படமே மாறிவிடுகிறது.

அப்போ நீளமான அளவுகோல்தான் சரியா? அவசரப்படாதீங்க, கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

விலை எவ்வளவு ஆடுகிறது என்பதை திட்டவிலக்கத்தால் அளக்கிறார்கள். ஒரு நாளைக்கு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு சுமார் 250 வர்த்தக நாட்கள். அதுக்காக 250 சதவீதம் ஆடாது. ஏறின நாளும் இறங்கின நாளும் ஒன்றையொன்று ஓரளவு கழித்துக்கொள்ளும். அதனால் 250-ன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். சுமார் 16 சதவீதம் வரும். இந்தியா விக்ஸ் என்று டிவியில் ஓடுகிறதே, அதுவும் வருஷக் கணக்குதான். 16 என்றால் நாளைக்கு 1 சதவீத ஆட்டத்தை எதிர்பார்க்கிறார்கள். 2020 மார்ச்சில் அது 80-ஐத் தாண்டியது. அதாவது நாளைக்கு 5 சதவீதம்!

சரி, நாலு வருஷத்துக்கு? மொத்தப் பணம் 32 சதவீதம் ஆடும். அதையே வருஷ சராசரியாகச் சொன்னால் 8 சதவீதம்தான். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. "காலம் போகப்போக ரிஸ்க் குறையும்" என்கிறவர் காட்டுவது 8. உங்க கைக்கு வரப்போகும் தொகையில் ஆடுவதோ 32. பால் சாமுவேல்சன் என்ற பொருளாதார அறிஞர் 1963-லேயே இந்த மயக்கத்தைப் பற்றி எழுதிவிட்டார்.

இந்த வர்க்கமூலக் கணக்கிலும் ஓட்டை உண்டு. இன்றைய விலை மாற்றத்துக்கும் நேற்றையதற்கும் சம்பந்தமே இல்லை என்று அது நம்புகிறது. நிஜத்தில் ஆட்டம் கூட்டமாகத்தான் வரும். அமைதியான மாதங்களை மட்டும் வைத்து அளந்தால், வரப்போகும் புயல் கணக்கில் வராது. தவிர, ஜப்பானின் நிக்கெய் 1989 கடைசியில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். டிவிடெண்டைச் சேர்க்காமல் பார்த்தால் 34 வருஷம்! "லாங் டெர்ம்" என்பதற்கு இதற்கு மேல் என்ன நீளம் வேண்டும்? :-)

என்னைக் கேட்டால், "ரிஸ்க் எவ்வளவு" என்பது ரெண்டாவது கேள்வி. "இந்தப் பணம் எனக்கு எப்போ வேணும்" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்த வருஷம் பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும் என்றால், பத்து வருஷ சராசரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கடந்த கால விலைகளில் ஒவ்வொரு 12 மாதத்தையும் தனித்தனியாக எடுத்து, அதில் மிக மோசமானதைப் பாருங்கள். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 8,000-க்குக் கீழே போனது. அந்த அடியை உங்க ஃபீஸ் பணம் தாங்குமா?

ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கிறவர் தினசரி சிவப்பைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஆனால் ஒன்று. இருபது வருஷப் பணம், பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு வருஷப் பணமாகிவிடும். அப்போது அதே பழைய அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் ஆபத்துதான். தேதி நெருங்க நெருங்க, கொஞ்சம் கொஞ்சமாக டெபாசிட்டுக்கு மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.