வானின் சில்லும் பதினொரு பிள்ளைகளும்



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் டயருக்குக் காற்று அடிப்பது பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதம் அந்த டயரைப் பிடித்து வைத்திருக்கும் நட்டுகளைப் பற்றி எழுதுகிறேன். வான், கார் ஓட்டிப் பிழைக்கும் சகோதரிகள் நம்மில் சிலர் இருக்கிறோம். ஓட்டாதவர்களும் தம் பிள்ளைகளை யாரோ ஒருவருடைய வானில்தான் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். ஆகவே எல்லோரும் வாசியுங்கள்.

நான் கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டமொன்றில் பிறந்தவள். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் வன்னிக்குப் போய்க் குடியேறியது. கல்யாணம், பிள்ளைகள், காணி எல்லாம் அங்கேதான். டிரக்டர் ஓட்டவும் அங்கேதான் என் கணவர் எனக்குச் சொல்லித் தந்தார். 2009இல் அவரை இழந்தேன். முகாமிலிருந்து வெளியே வந்தபோது என்னிடம் இருந்தது இரண்டு பிள்ளைகளும் அந்த ஓட்டப் பழக்கமும்தான். தாய்மாமன் இருந்த லயத்துக்கே திரும்பி வந்தேன். சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, கடனுக்கு ஒரு பழைய ஜப்பான் வான் வாங்கி, தோட்டத்துப் பிள்ளைகளை யட்டியந்தோட்டைக்கு ஏற்றி இறக்கத் தொடங்கினேன்.

ஒருநாள் முன்பக்க இடது டயர் பஞ்சர். டவுனில் ஒரு டயர் கடையில் ஒட்டுப் போட்டார்கள். நான் கிட்டப் போய் நின்றேன். அங்கிருந்த தம்பி, "அக்கா, தள்ளி நில்லுங்க. எயார் கன்ல இறுக்கினா அசையவே அசையாது" என்றார். நானும் தள்ளி நின்றேன். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு கிழமை போனது. ஒரு காலை, மழை விட்ட நேரம், பதினொரு பிள்ளைகளோடு தோட்டப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். "டக், டக்" என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் இலேசாக நடுங்கியது. பாதை கல்லும் குழியும்தானே, கல் அடிக்கிறது என்று நினைத்து ஓட்டினேன். வளைவில் பால் வாளியோடு வந்த ஓர் அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார். "ஏம்மா, நிப்பாட்டு! சில்லு ஆடுதும்மா!"

இறங்கிப் பார்த்தேன். ஐந்து ஸ்டட்டில் இரண்டு முறிந்து போயிருந்தன. மூன்றாவதன் நட்டு விரலாலேயே சுழன்றது. இடது பக்கம் பள்ளம். பிள்ளைகளை இறக்கி, வரிசையாக நடக்க விட்டேன். என் கால் அதற்குப் பிறகுதான் நடுங்கத் தொடங்கியது. அப்படியே பாதையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

கராச் பாஸ் வந்து பார்த்தார். முறிந்த ஸ்டட்டின் முகத்தை எனக்குக் காட்டினார். பெரும்பகுதி வழுவழுப்பாக, துருப் பிடித்து மண்ணிறமாக இருந்தது. ஓர் ஓரம் மட்டும் கரடுமுரடாகப் பளபளத்தது. "மண்ணிறம் பழைய வெடிப்பு, தங்கச்சி. கொஞ்சம் கொஞ்சமா வெடிச்சிட்டே வந்திருக்கு. பளபளக்கிறதுதான் இண்டைக்கு உடைஞ்சது" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "டயர் மாட்டினதுக்குப் பிறகு ஒருக்காவாவது இறுக்கிப் பார்த்தீங்களா?"

இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் விளக்கியதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். நட்டை இறுக்கும்போது ஸ்டட் இறப்பர் நாடாவைப் போல மிகச் சிறிதளவு இழுபடுகிறது. அந்த இழுவைதான் சில்லைப் பின்னாலுள்ள டிரம்மோடு அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் சரியாக இருந்தால் சில்லு நகராது, ஸ்டட் வளையாது. நட்டு தளர்ந்தால் சில்லு ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது நகரும், ஸ்டட் வளைந்து நிமிரும். மெல்லிய கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து முறிப்போமே, அதே வேலைதான். வான் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீற்றர். அப்படியானால் ஒரு கிலோமீற்றருக்கு 500 சுற்று, 50 கிலோமீற்றருக்கு 25,000 சுற்று. எந்த இரும்பு தாங்கும்?

அளவுக்கு மீறி இறுக்குவதும் கெடுதிதான். இழுபட்ட நாடா பழைய நிலைக்கு வராததுபோல ஸ்டட்டும் நீண்டு பலம் இழக்கும். என் வானில் இரண்டும் நடந்திருந்தது. எயார் கன் சில நட்டுகளைக் கடுமையாக இறுக்கியிருந்தது. சில்லுக்கும் டிரம்முக்கும் இடையில் இருந்த துருவையும் மண்ணையும் யாரும் துடைக்கவில்லை. ஓட ஓட அந்த மண் நசுங்கிப்போக, மற்ற நட்டுகள் தளர்ந்துவிட்டன. பாஸ் ஐந்து ஸ்டட்டையும் மாற்றினார். முறியாத மூன்றும் கூடுதல் பாரம் சுமந்தவை, அவற்றை நம்ப முடியாது என்றார்.

இது நம் ஊர் டயர் கடைகளின் குறை மட்டும் அல்ல. பிரித்தானியாவில் கனரக வாகனங்களில் ஆண்டுக்கு 150 முதல் 400 வரையான சில்லுகள் கழன்று போவதாக 2006இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், லொறிச் சில்லுகள் கழன்று பறந்து உயிர்கள் போன பிறகு, 1997இல் சட்டமே கொண்டுவந்தார்கள். ஓடும் லொறியிலிருந்து சில்லு கழன்றால் "நான் கவனமாகத்தான் இருந்தேன்" என்ற வாதம் எடுபடாது. தண்டம் 2,000 முதல் 50,000 டொலர் வரை.

இனி, செய்ய வேண்டியவை:

1. சில்லைக் கழற்றியதும், அது டிரம்மில் படும் இடத்தைக் கம்பித் தூரிகையால் துருவும் மண்ணும் போகத் துடையுங்கள்.

2. ஸ்டட்டின் புரியில் எண்ணெய், கிரீஸ் பூசாதீர்கள். வழுக்குவதால், அதே பலத்துக்கு ஸ்டட் அதிகமாக இழுபடும்.

3. நட்டின் கூம்பிய பக்கம் சில்லை நோக்கி இருக்க வேண்டும். முதலில் விரலால் சுழற்றி ஏற்றுங்கள். ஆரம்பத்திலேயே ஸ்பேனர் போட்டால் புரி மாறி ஏறிவிடும்.

4. வட்டமாக வரிசையில் இறுக்காதீர்கள். ஒன்றை இறுக்கி, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததை இறுக்குங்கள். நட்சத்திரக் கோலம் போடுவதுபோல. முதல் சுற்று இலேசாக. பிறகு ஜக்கை இறக்கி, சில்லு நிலத்தில் பட்டதும் முழுதாக இறுக்குங்கள்.

5. எவ்வளவு இறுக்குவது? அந்த அளவு வாகனத்தோடு வரும் புத்தகத்தில் இருக்கும். பல டொயோட்டா கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர், சுசுக்கி சிறிய கார்கள் பலவற்றுக்கு 85. அளந்து இறுக்கும் டோர்க் ரென்ச் இருந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் இப்படிக் கணக்குப் பாருங்கள். 40 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பேனரைக் கிடையாக வைத்து, அதன் நுனியில் 25 கிலோ அரிசி மூட்டையின் பாரம் அளவுக்கு அழுத்தினால் ஏறத்தாழ 100 நியூட்டன் மீற்றர் வரும். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் அதே நுனியில் ஏறி நின்றால் 200ஐத் தாண்டிவிடும். ஆகவே ஏறி மிதிக்காதீர்கள், குழாய் மாட்டி நீட்டி இறுக்காதீர்கள். இறுகிய நட்டைக் கழற்றும்போது மட்டும் மிதிக்கலாம். ஓட்டோவின் நட்டுகள் சிறியவை, அவற்றுக்கு இந்த அளவு பொருந்தாது.

6. டயர் மாட்டி 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் ஒருமுறை, அதே அளவு பலத்தில், திரும்ப இறுக்கிப் பாருங்கள். இதைத்தான் நான் செய்யாமல் விட்டேன்.

7. நட்டைச் சுற்றித் துருக் கோடு வழிந்திருந்தாலும், சில்லின் துளை நீண்டிருந்தாலும், ஓடும்போது "டக், டக்" கேட்டாலும் உடனே நிறுத்துங்கள். ஒரு ஸ்டட் முறிந்தாலும் "மிச்சம் நாலு இருக்கே" என்று ஓட்டாதீர்கள்.

சகோதரிகளே, இந்த வேலைக்குப் பெரிய உடற்பலம் வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். 25 கிலோ அழுத்தம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மழையில் கொழுந்துக் கூடை சுமந்த முதுகுகள் நம்முடையவை. இடம்பெயர்ந்தபோது பிள்ளையை ஓர் இடுப்பிலும் மூட்டையை மறு தோளிலும் வைத்து நடந்தவர்கள் நாம். நமக்குக் குறைந்தது பலம் அல்ல. "தள்ளி நில்லுங்க" என்றால் தள்ளி நிற்கும் பழக்கம்தான் நமக்குக் கேடு.

இப்போது டயர் கடைக்குப் போனால் கிட்டத்தான் நிற்கிறேன். "தம்பி, எயார் கன்னால மெல்லப் பிடிச்சு விடுங்க, கடைசி இறுக்கு நான் இறுக்கிக்கிறேன்" என்பேன். முதலில் சிரித்தார்கள், இப்போது ஸ்பேனரை எடுத்து நீட்டுகிறார்கள். திங்கட்கிழமை காலையில் வானைச் சுற்றி வந்து எல்லா நட்டுகளையும் பார்த்த பிறகுதான் பிள்ளைகளை ஏற்றுகிறேன். பத்து நிமிடம் கூடப் போகாது.

அன்று கத்திய அக்காவுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. ஆனால் ஆடும் சில்லைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். உங்கள் பிள்ளை போகும் வானின் சில்லையும் ஒருநாள் குனிந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் சாரதியிடம் கேளுங்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

அடுத்த மாதம் பிரேக்கைப் பற்றிப் பார்ப்போம்.